மேசைப்பந்தில் மேலே போக ஆசைப்படும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயிற்சி முடிந்து மேசையை மடித்து ஓரமாகத் தள்ளும் நேரத்தில்தான் இந்தக் கேள்விகள் வரும். சிலதைப் பிள்ளைகள் கேட்பார்கள். மிச்சத்தை வாசலில் மோட்டார் சைக்கிளோடு காத்து நிற்கும் அப்பாமாரும், வீட்டிலிருந்து தொலைபேசியில் அம்மாமாரும் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதை இங்கே ஒன்றாக எழுதி வைத்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு உலக மட்டத்துக்குப் போக முடியுமா?

இங்கிருந்து தொடங்கலாம். கடைசி வரைக்கும் இங்கேயே இருந்துகொண்டு போக முடியாது.

படிகளைப் பாருங்கள். பாடசாலை அணி, வலயம், மாகாணம், அகில இலங்கைப் பாடசாலைப் போட்டி. அதோடு சேர்த்துத் தேசிய சங்கம் நடத்தும் வயதுப் பிரிவுப் போட்டிகள். அதற்கு மேலே தெற்காசியப் போட்டிகள்; அங்கே இந்தியப் பிள்ளைகளைத் தாண்டுவது பெரும்பாடு. பிறகு பொதுநலவாயம், ஆசியா, உலகத் தரவரிசை. பத்து வயதுப் பிள்ளை "ஒலிம்பிக்" என்று சொன்னால் நான் சிரிப்பதில்லை. போர் நடந்துகொண்டிருந்த சிரியாவிலிருந்து ஹெண்ட் சாசா என்ற பிள்ளை 12 வயதில் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடினாள். முதல் ஆட்டத்திலேயே தோற்றாள் என்பதையும் சேர்த்தே பிள்ளைக்குச் சொல்வேன். ஒலிம்பிக் ஆசை இருக்கட்டும். அடுத்த ஆறு மாதத்தில் வலயப் போட்டியில் யாரை வெல்ல வேண்டும் என்று கேட்டால் அதற்கும் பெயரோடு ஒரு பதில் இருக்க வேண்டும்.

இங்கே எது குறை? மேசையா, பயிற்றுநரா?

இரண்டும் போதாதுதான். ஆனால் என் கணக்கில் பெரிய குறை, எதிராளிகள்.

பந்தின் நிறை 2.7 கிராம், விட்டம் 40 மில்லிமீற்றர். மேசையின் நீளம் 2.74 மீற்றர். அந்தச் சின்ன இடைவெளியில் எதிரே நிற்பவரின் மட்டை பந்தை மேலே உரசியதா, கீழே உரசியதா, பக்கவாட்டில் இழுத்ததா என்று கண் பிடிக்க வேண்டும், பிடித்த உடனே கால் நகர வேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்துப் பழக்க முடியாது. பலருடைய பந்தை வாங்கி வாங்கித்தான் வரும். எங்கள் பிள்ளைகளோ அதே ஆறேழு பேரோடு வருடக் கணக்காக ஆடுகிறார்கள். பக்கத்து மேசைக்காரன் கையைத் தூக்கும் முன்பே அவனுடைய சேர்விஸ் எங்கே விழும் என்று தெரியும். அதைத் திறமை என்று நம்பிக்கொண்டு கொழும்புக்குப் போனால், அங்கே ஓர் இடக்கைக்காரப் பெடியன் போடும் முதல் மூன்று சேர்விஸும் நேரே வலைக்குள் போகும். அந்தப் பெடியன் பெரிய ஆட்டக்காரனாக இருக்க வேண்டும் என்றில்லை. அப்படி ஒரு பந்தை எங்கள் பிள்ளை அதுவரை கண்டதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே முதல் வேலை, ஊருக்குள்ளேயே ஆள் மாற்றி ஆடுவது. எந்தப் பாடசாலைப் பிள்ளை என்று பார்க்காமல் சனிக்கிழமையில் சேர்ந்து ஆடுங்கள். எங்கள் ஊரில் இது இலேசான காரியமில்லை. பாடசாலைகள் மோதும் கிரிக்கெட் பிக் மட்ச் ரோசம் மேசைப்பந்து வரைக்கும் வரும். வங்கியில் வேலை செய்பவர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், பென்சன் எடுத்த அங்கிள்மார் யார் ஆடினாலும் போய் நில்லுங்கள். மட்டையில் ஒட்டிய இறப்பர் தேய்ந்த நிலையில் வந்து, எல்லாப் பந்தையும் அமைதியாகத் தள்ளித் தள்ளியே 11 புள்ளி எடுக்கும் அங்கிள் ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். பிள்ளைகளுக்கு அவரைக் கண்டால் எரிச்சல். எனக்கு அவர் ஒரு பொக்கிஷம்.

இன்னொன்று. குழுவில் இடக்கைப் பிள்ளை இருந்தால் தலையில் வைத்துக் கொண்டாடுங்கள். ஒருவருக்கு விருப்பம் இருந்தால் மட்டையின் பக்ஹான்ட் (புறங்கை) பக்கத்தில், வரும் சுழற்சியைக் குழப்பித் திருப்பும் நீண்ட பருக்கள் உள்ள இறப்பர் ஒட்டிப் பழக்கலாம். இந்தியாவின் மணிகா பத்ரா அப்படிப்பட்ட இறப்பரை வைத்துக்கொண்டுதான் 2018இல் கோல்ட் கோஸ்ட் பொதுநலவாயப் போட்டியில் ஒற்றையர் தங்கம் எடுத்தார். ஆனால் மற்றவர்கள் பழகுவதற்காக, ஆட்டம் குறைந்த பிள்ளையின் தலையில் அதைக் கட்டி வைக்காதீர்கள்.

எத்தனை வயதில் தொடங்க வேண்டும்? எனக்குப் பதினான்கு. பிந்திவிட்டதா?

உலகின் முன்வரிசைக்காரர்களில் பெரும்பாலானோர் பாடசாலைக்குப் போகத் தொடங்கும் வயதிலேயே மட்டை பிடித்தவர்கள். பதினான்கில் தொடங்கி அந்த வரிசைக்குப் போவது நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாகாண அணி, பல்கலைக்கழக அணி, வேலைக்குப் போன பிறகு வர்த்தக நிறுவனங்களுக்கிடையிலான போட்டிகள் எல்லாம் எட்டும் தூரம்தான். லக்சம்பேர்க்குக்காக ஆடும் நி சியாலியன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடும்போது அவருக்கு வயது 61. அவர் சின்ன வயதிலிருந்தே ஆடுகிறவர் என்பது வேறு விசயம். ஆனால் இந்த விளையாட்டு உடம்பை அவ்வளவு காலம் வைத்திருக்க விடும்.

படிப்பு என்ன ஆவது? ரியூசன் நேரத்தில்தான் பயிற்சியும் வருகிறது.

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பதில் நியாயமும் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் பிள்ளையின் பின்னேரம் பிள்ளைக்குச் சொந்தமில்லை. ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில், பதினோராம் வகுப்பில் சாதாரண தரம், பிறகு உயர்தரம். கையும் கண்ணும் வேகமாகப் பழகும் காலம் எட்டிலிருந்து பதினான்கு வயது வரை. அதன் தொடக்கத்திலேயே புலமைப்பரிசில் குறுக்கே நிற்கிறது. பல வீடுகளில் நாலாம் வகுப்பு முடியும்போதே மட்டை அலுமாரிக்குள் போய்விடும். "சோதினை முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்பார்கள். ஒன்றரை வருடம் கழித்து வரும் பிள்ளை உயரமாக வந்திருக்கும், கை மரத்திருக்கும், சேர்ந்து தொடங்கியவர்கள் முன்னால் போயிருப்பார்கள். வெட்கத்திலேயே நின்றுவிடும்.

நான் பெற்றோரிடம் கேட்பது ஒன்றுதான்: முழுதாக நிறுத்தாதீர்கள், குறையுங்கள். சோதினைக் காலத்தில் கிழமையில் மூன்று நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம் போதும். அந்த நேரத்தில் ஆட்டம் ஆட வேண்டாம். அரை மணி சேர்விஸ், கால் மணி பந்தில்லாமல் கண்ணாடி முன் நின்று அசைவுப் பயிற்சி. இதற்கு மண்டபமும் தேவையில்லை, துணையும் தேவையில்லை. மண்டபம் என்றதும் ஒன்று: க.பொ.த. பரீட்சைக் காலத்தில் பாடசாலை மண்டபம் பரீட்சை நிலையமாகிவிடும், மேசைகள் மூலைக்குப் போய்விடும். அந்தக் கிழமைகளுக்கு எங்கே ஆடுவது என்று முன்கூட்டியே இடம் பார்த்து வையுங்கள்.

மனம் கேட்காத பெற்றோருக்கு நான் சொல்லும் பெயர் சத்தியன் ஞானசேகரன். சென்னைக்காரர், பொறியியல் பட்டதாரி. 2019இல் உலகத் தரவரிசையில் 24ஆம் இடம் வரை போனார். "எஞ்சினியர்" என்ற சொல் காதில் விழுந்ததும் எங்கள் ஊர் அப்பாமாரின் முகம் கொஞ்சம் இளகும். இன்னொரு தகவலும் உதவும்: உயர்தரத்தில் தேவையான தகுதியைப் பெற்று, விளையாட்டில் உயர்ந்த மட்டத்தில் சாதித்த பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடு உண்டு. சான்றிதழ்களைப் பத்திரமாகக் கோப்பில் போட்டு வையுங்கள்.

தனியாக இருக்கும்போது எதைப் பழகுவது?

சேர்விஸ். ஒரு ஆட்டத்துக்கு 11 புள்ளி, இரண்டு இரண்டாக மாறி மாறிச் சேர்விஸ். ஆகவே ஏறக்குறைய பாதிப் புள்ளிகள் உங்கள் கையிலிருந்துதான் தொடங்குகின்றன. மேசைப்பந்தில் யாருடைய தயவும் இல்லாமல் தொடங்கும் அடி அது மட்டும்தான்.

முதலில் சீமெந்து நிலத்தில் பழகுங்கள். பந்தை மேலே போட்டு, விழும்போது அதன் அடியை மட்டையால் மெல்ல உரசி முன்னுக்கு அனுப்புங்கள். பந்து நாலைந்து அடி போய், நின்று, உங்களிடமே உருண்டு வர வேண்டும். அப்படித் திரும்பி வந்தால் கீழ்ச்சுழற்சி பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். வராமல் ஓடிக்கொண்டே இருந்தால் நீங்கள் உரசவில்லை, தட்டியிருக்கிறீர்கள்.

பிறகு மேசைக்குப் போங்கள். வலைக்கு அந்தப் பக்கம் வலையோரமாக ஒரு பழைய கொப்பியை விரித்து வையுங்கள். பந்து முதலில் உங்கள் பக்கம் துள்ளி, வலையைத் தாண்டி, கொப்பியில் விழ வேண்டும். யாரும் தொடாமல் விட்டால் மேசையிலேயே இரண்டாவது முறையும் துள்ள வேண்டும்; அந்த இரண்டாவது துள்ளல் பின்விளிம்புக்குப் பக்கத்தில் இருந்தால் எதிராளிக்கு இழுத்து அடிக்க வசதி கிடைக்காது. ஒரு வாளிப் பந்து முடியும் வரை ஒரே சேர்விஸ். பிள்ளைகளுக்கு இது அலுக்கும். அலுக்கட்டும்.

விதியையும் இப்போதே சரியாகப் பழகுங்கள். பந்து விரிந்த உள்ளங்கையில் இருக்க வேண்டும். குறைந்தது 16 சென்ரிமீற்றர் கிட்டத்தட்ட நேர் மேலே எழ வேண்டும். பந்து மேசையின் பின்விளிம்புக்குப் பின்னால் இருக்கும்போதே அடிக்க வேண்டும். கையாலோ உடம்பாலோ பந்தை எதிராளியின் கண்ணுக்கு மறைக்கக் கூடாது. உள்ளூர்ப் போட்டிகளில் நடுவராக நிற்கும் சேர் பாவம் பார்த்து விட்டுவிடுவார். தேசியப் போட்டியில் விடமாட்டார்கள். சேர்விஸே பிழை என்று புள்ளி போனால் அந்தப் பிள்ளையின் மனம் அன்றைக்கு எழும்பாது.

எந்த மட்டை, எந்த இறப்பர் வாங்குவது?

காபன் வைத்த விலை கூடிய மட்டை வேண்டாம். ஐந்து அடுக்கு மரத்தில், அடிக்கவும் தடுக்கவும் ஏற்ற ஓர் ஆல்ரவுண்ட் மட்டை; ஸ்டிகா, யசாகா, டோனிக் எதுவானாலும் சரி. இறப்பர் யசாகா மார்க் ஃபைவ் போல நடுத்தர வேகம், அதன் அடியில் இருக்கும் பஞ்சு 1.8 அல்லது 2.0 மில்லிமீற்றர். ஊக்கமாக ஆடும் பிள்ளைக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு மரத்தை மாற்றத் தேவையில்லை, இறப்பரை மட்டும் மாற்றினால் போதும். இறப்பரில் சர்வதேச மேசைப்பந்துச் சம்மேளனத்தின் அங்கீகார முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் போலிகள் நிறைய. ஒரு பக்கம் கறுப்பு கட்டாயம். மறுபக்கம் முன்பு சிவப்பு மட்டும்தான். 2021இலிருந்து பச்சை, நீலம், ஊதா, இளஞ்சிவப்பும் செல்லும்.

எங்கள் ஊர் வெயிலில் மட்டையை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள், பசை இளகிவிடும். துடைக்கச் சுத்தமான தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். கிணற்றுத் தண்ணீர் சவராக இருந்தால் குடிக்கிற வடிகட்டிய தண்ணீரை எடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளை படியும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் இறப்பரும் பந்தும் ஈரம் பிடித்து வழுக்கும். துணி ஒன்று கூட வைத்திருங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே மேசை போடாதீர்கள், பந்து அலையும்.

பந்து போடும் ரோபோ வாங்கினால் உதவுமா?

அந்தக் காசை பஸ் செலவுக்கு வையுங்கள். ரோபோவுக்குக் கை இல்லை. சுழற்சியை எதிராளியின் கையையும் மட்டையையும் பார்த்துத்தான் படிக்க வேண்டும். ஒரு பேசின் நிறையப் பந்தை வைத்துக்கொண்டு, பயிற்றுநரோ அண்ணாவோ ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் கொடுத்தால் கால் வேகத்துக்கு அதுவே போதும்.

முதல் தடவையாகக் கொழும்புக்குப் போகிறோம். எதற்குத் தயாராக வேண்டும்?

முதலில் நித்திரை. இரவு பஸ்ஸில் எட்டு மணி நேரம் இருந்துவிட்டுக் காலையில் நேரே மண்டபத்துக்குப் போய் ஆடும் பிள்ளையின் கால் நகராது. முடிந்தால் முதல் நாள் பகல் ரயிலில் போங்கள். சொந்தக்காரர் வீட்டில் ஓர் இரவு தங்கினாலும் போதும்.

ஒரு காலத்தில் ஆட்டம் 21 புள்ளி. தடுமாறினாலும் சுதாரிக்க இடம் இருந்தது. 2001இலிருந்து 11தான். 0-4 என்று விழுந்தால் ஆட்டம் பாதி போய்விட்டது. ஆகவே முதல் இரண்டு சேர்விஸையும் வீட்டிலிருந்தே முடிவு செய்துகொண்டு போங்கள். தரையும் மேசையும் பழக, ஆட்டத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னமே நில்லுங்கள்.

ஆட்டம் தொடங்குமுன் எதிராளியின் மட்டையை வாங்கிப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. எங்கள் பிள்ளைகள் கூச்சத்தில் சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள். இரண்டு பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள், விரலால் தடவுங்கள். ஒரு பக்கம் பருக்கள் வெளியே தெரிகிறதா, எந்த நிறத்துப் பக்கம்? அதை மனதில் வைத்திருந்தால், நடுவில் மட்டையைச் சுழற்றிப் பிடித்தாலும் ஏமாற மாட்டீர்கள்.

ஒரு நிமிட இடைநிறுத்தம் முழுப் போட்டிக்கும் சேர்த்து ஒரு தடவை கேட்கலாம். புள்ளிகளுக்கு நடுவே பயிற்றுநர் ஆலோசனை சொல்வதும் 2016இலிருந்து அனுமதிக்கப்படுகிறது. எங்கள் பக்கத்துக் கதிரையில் சேர் வாய் திறக்காமல் இருந்தால் நட்டம் எங்களுக்குத்தான்.

அறிவிப்புகள் சிங்களத்தில் வந்தால் பதற வேண்டாம். பெயரை அவர்கள் எப்படி உச்சரித்தாலும் தெரியக்கூடியதாக, ஆட்ட அட்டவணை ஒட்டியிருக்கும் பலகைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். கொஞ்சம் சிங்களம் பேசிப் பழகினால் அங்கேயே பயிற்சிக்கு ஆளும் கிடைக்கும்.

தோற்றால், அழுது முடிந்த பிறகு கொப்பியில் எழுதுங்கள். யாரோடு ஆடினேன், எந்தக் கை, என்ன இறப்பர், எந்தச் சேர்விஸில் எத்தனை புள்ளி போனது. "சரியாக ஆடவில்லை" என்று எழுதுவது குறிப்பில்லை. "போர்ஹான்ட் (உள்ளங்கை) பக்கம் சின்னதாக வந்த பக்கச்சுழற்சிக்கு நாலு புள்ளி போனது" என்பது குறிப்பு. ஊருக்கு வந்ததும் அந்தச் சேர்விஸை யாராவது ஒருவர் பழகி உங்களுக்குப் போட வேண்டும்.

எங்களுக்குப் பெண்பிள்ளை. ஆண்பிள்ளைகளோடு ஆட விடலாமா?

விட வேண்டும் என்பேன். பெண்பிள்ளைகளின் குழு சிறியது, எதிராளிகளும் குறைவு. ஆண்பிள்ளைகளின் கனமான பந்தை வாங்கிப் பழகினால் தன் வயதுப் பிரிவில் வேகம் பயமாக இருக்காது. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வர வேண்டும் என்ற கவலை எனக்கும் விளங்கும். அதற்கு வழி, பயிற்சியைக் காலை ஆறு மணிக்கு வைப்பது. அல்லது நாலைந்து பெற்றோர் முறை வைத்துக் கூட்டிப் போவது. பயிற்சியை வெட்டுவதை வழியாக எடுக்காதீர்கள்.

செலவை எப்படிச் சமாளிப்பது?

மேசையை விடப் பயணம்தான் காசைத் தின்னும். பழைய மாணவர் சங்கங்களிடம் போனால், பெயர்ப் பலகை பொறித்த ஒரு மேசை தரச் சந்தோசமாக முன்வருவார்கள். நன்றி சொல்லி, அதற்குப் பதிலாக ஒரு வருடத்துக்கான பந்துகளும் நாலு கொழும்புப் பயணத்தின் செலவும் கேளுங்கள். திறப்பு விழாப் படம் எடுக்க இடமில்லாத உதவி என்பதால் கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டியிருக்கும்.

இறப்பருக்கு ஒரு வழி: நல்லூர்த் திருவிழாவுக்கு ஜேர்மனியிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் வரும் மாமாமார். அங்கே மேசைப்பந்துக் கழகங்கள் சின்ன ஊர்களில்கூட உண்டு, கடைகளும் உண்டு. சொக்லேற்றுக்குப் பதிலாக இரண்டு இறப்பர் என்று ஆனி மாதமே சொல்லி வையுங்கள். பெயர், நிறம், பஞ்சின் தடிப்பு மூன்றையும் எழுதி அனுப்புங்கள். இல்லாவிட்டால் கடைக்காரன் கொடுத்ததோடு வந்து நிற்பார்கள்.

சென்னைக்கு அனுப்பிப் பயிற்றுவது நல்லதா?

வசதி இருந்தால், பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ஒரு விடுமுறைக்கு. பலாலியிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், மொழியும் எங்களுடையது. இந்தியாவுக்காக ஐந்து ஒலிம்பிக் ஆடிய சரத் கமல், தகப்பனிடமும் தகப்பனின் சகோதரரிடமும் ஆட்டம் பழகியது அந்த ஊரில்தான். 40 வயதில் 2022 பேர்மிங்காம் பொதுநலவாயப் போட்டியில் ஒற்றையர் தங்கம் எடுத்தார். ஆனால் இரண்டு கிழமையில் அடியை மாற்றிவிடுவார்கள் என்று நினைத்து அனுப்பாதீர்கள். தெரியாத முப்பது பிள்ளைகளோடு ஆடக் கிடைக்கும். அதற்காக அனுப்புங்கள்.

சர்வதேச இளையோர் போட்டிகளுக்கு நாங்களே பதியலாமா?

முடியாது. 13, 15, 17, 19 வயதுக்குக் கீழ் என்று பிரிவுகள் உண்டு. பெயரை அனுப்ப வேண்டியது தேசிய சங்கம். ஆகவே உள்ளூர்த் தரவரிசையில் கண்ணில் படும் இடத்துக்கு வருவதுதான் முதல் வேலை.

நாங்களே ஒரு சிறு போட்டி வைக்க விரும்புகிறோம். எப்படி?

நல்ல காரியம். தோற்றவுடன் வீட்டுக்கு அனுப்பும் முறை மட்டும் வேண்டாம். கரவெட்டியிலிருந்து பஸ் ஏறி வந்த பிள்ளை பத்து நிமிடத்தில் தோற்றுத் திரும்பினால் அடுத்த முறை வராது. நாலு மேசை, பதினாறு பிள்ளைகள், நாலு குழு. குழுவுக்குள் எல்லோரும் எல்லோரோடும் ஆடட்டும், ஐந்தில் மூன்று ஆட்டம் வென்றால் வெற்றி. மொத்தம் 24 போட்டி; ஒன்றுக்கு இருபத்தைந்து நிமிடம் வைத்தால் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று புது எதிராளிகள். நேரம் மிஞ்சினால் ஒவ்வொரு குழுவிலும் ஒரே இடத்தில் வந்தவர்களை ஒன்றாக்கி இன்னொரு சுற்று வையுங்கள். பிள்ளைகளையே நடுவராக நிறுத்துங்கள், விதியும் பழகும். கிண்ணம் வாங்கும் காசுக்குப் பந்து வாங்குங்கள். மண்டபத்துத் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் வெள்ளிக்கிழமையே விசாரித்து வையுங்கள். சனி காலை ஏழு மணிக்கு அந்த மனுசனைத் தேடிப் பிடிக்க முடியாது.